கொடியா, கொழுந்தா? இரண்டு ஏக்கரும் ஒரு வைன் கனவும்

அண்ணன் மகன் பிரான்சிலிருந்து வந்து இறங்கியபோது உடுப்புகளுக்கு நடுவே சுற்றி இரண்டு போத்தல் வைன் கொண்டுவந்திருந்தான். ஒன்றைத் திறந்து எனக்கு ஊற்றினான். பார்க்கக் கலங்கலாக இருந்தது, அடியில் மண்டி. 22 வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். எதையும் முதலில் மூக்கால்தான் குடிப்பேன். புளித்த ஆப்பிள் வாசம், அதற்குப் பின்னால் மழை விட்ட மண். வாயில் விட்டு, டீ ருசி பார்ப்பதுபோலச் சத்தமாக உறிஞ்சினேன். அவன் சிரித்துவிட்டான். "அங்கேயும் இப்பிடித்தான் சித்தப்பா உறிஞ்சுவாங்க."

அடுத்த வாரமே கேள்வி வந்தது. "தேயிலையப் புடுங்கிட்டுத் திராட்சை வச்சா என்ன?"

இலங்கையின் ஊவா மாகாணத்தில், ஹப்புத்தளையிலிருந்து பொரலந்தைப் பக்கம் இறங்கும் சரிவில் எங்களுக்கு 2 ஏக்கர் இருக்கிறது. ஒன்றேகால் ஏக்கர் தேயிலை. மீதியில் வீடு, மரக்கறிப் பாத்தி, நாலைந்து பியர்ஸ் (பேரிக்காய்) மரம், ஆனைக்கொய்யா, ஒரு மாட்டுக் கொட்டில். அப்பா மரக்கறி லொறி ஓட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. மலைநாட்டில் எங்கள் ஆட்களுக்குச் சொந்தக் காணி என்பது சின்ன விஷயமல்ல. இந்த மலைகளுக்கு வந்து 200 வருடம் தாண்டியும் தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறையான லயத்துக் காம்பிராகூடத் தன் பெயரில் இல்லாத சனம் இன்னும் இருக்கிறது. ஆகவே ஒரு தேயிலைத்தூரைப் பிடுங்குவதென்றால்கூட எங்கள் வீட்டில் மாநாடு கூடும். அந்த மாநாட்டுக்காக நான் போட்ட கணக்குத்தான் இது. வெளிநாட்டில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை வேறு வீடுகளிலும் இருக்கலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் நாலு: திராட்சை நட்டு வைன் செய்வது, இங்கே விளையும் பழத்தில் வைன் செய்வது, தேயிலையை வைத்துக்கொண்டே நிலத்தையும் வேலையையும் அண்ணன் மகன் பிரான்சில் வேலை பார்த்த குடும்பத்தின் முறைக்கு மாற்றுவது, ஒன்றும் செய்யாமல் கொழுந்து வாங்க வரும் லொறியைப் பார்த்துக்கொண்டிருப்பது.

அவன் அங்கே பார்த்தது

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் திராட்சை வளர்த்து வைன் செய்யும் ஒரு குடும்பம். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். அறுவடைக்கு மட்டும் வெளியாட்கள். அப்படிப் போனவன், அடுத்தடுத்து மூன்று அறுவடைக்கும் அவர்களிடமே நின்றிருக்கிறான். அவர்கள் செய்வது 'நேச்சுரல் வைன்'. பழத்தோலிலும் கொட்டகையிலும் தானாக இருக்கும் மதுவமே (ஈஸ்ட்) சாற்றை நொதிக்க வைக்க வேண்டும். பொதியில் வாங்கிய மதுவம், சீனி, அமிலம் எதுவும் கிடையாது. கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட்டும் இல்லை, சேர்த்தாலும் துளிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணச் சிவப்பு வைனில் லீட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அது இருக்கலாம். இயற்கை வைனுக்கென்று பிரான்சில் 2020இல் வந்த முத்திரைக்கு 30ஐத் தாண்டக் கூடாது.

நம் ஊராளுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு சொல் போதும்: கள். கித்துள் பாளையைச் சீவி முட்டி கட்டினால், யாரும் எதையும் கலக்காமலே பொழுது சாய்வதற்குள் நுரைக்கிறதே, அதே கதைதான். வித்தியாசம், கள்ளை அன்றைக்கே குடித்து முடிக்கிறோம்; அவர்கள் அதே காட்டு நொதிப்பை வருடக்கணக்கில் கெடாமல் நிறுத்தி வைக்கிறார்கள். அது கைவிட்டுவிட்டுச் சும்மா இருப்பதால் வருவதல்ல. இந்த வைனின் மூலவர்களில் ஒருவராக பிரான்சில் கொண்டாடப்படும் ஜூல் ஷோவே (1907–1989) வைன் வியாபாரி மட்டுமல்ல, வேதியியல் படித்தவர். மருந்து சேர்க்காமல் இருக்க வேண்டுமென்றால் கிருமியைப் பற்றி மற்றவனைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும். தேயிலை ஸ்டோரிலும் இதே பாடம்தான்: ரோலரில் ஒட்டிய பழைய கொழுந்தைக் கழுவாமல் விட்டால் மறுநாள் டீயே ஊசிப்போகும்.

நிலத்தில் அவர்கள் கடைப்பிடிப்பது பயோடைனமிக் முறை; உயிராற்றல் வேளாண்மை என்று தமிழில் சொல்கிறார்கள். 1924 ஜூனில் ருடோல்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியர், இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில் விவசாயிகளுக்கு எட்டு விரிவுரை நடத்தினார். அங்கிருந்து வந்தது இது. பசுவின் கொம்பில் சாணியை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள். பிறகு எடுத்து, தண்ணீரில் போட்டு ஒரு மணித்தியாலம் வலமும் இடமுமாக மாறி மாறிச் சுழற்றிக் கலக்கித் தெளிப்பார்கள். 500 என்று அதற்கு இலக்கம். 501 குவார்ட்ஸ் கல் தூள். 502 முதல் 507 வரை மூலிகைகள், கூட்டெருவுக்குள் வைக்க. இந்த முறையில் விளைந்ததற்கான 'டிமீட்டர்' முத்திரை 1928இலிருந்து இருக்கிறது.

இதை எங்கள் மலைக்குக் கொண்டுவந்தால் சில இடங்களில் சிரிப்பு வரும். 502க்கு வேண்டிய பூவை ஆண்மானின் சிறுநீர்ப்பையில் அடைக்க வேண்டுமாம். இங்கே மரை மானுக்குப் பக்கத்தில் கத்தியோடு போனாலே வனஜீவராசிகள் திணைக்களம் கொண்டுபோய்விடும். 505க்கு ஓக் மரப்பட்டை வேண்டும். கொம்பைப் புதைக்கக் குளிர்காலம் வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கில் இருக்கும் நமக்கு மழைக்காலமும் பனிக்காலமும் உண்டு, அவர்கள் சொல்லும் குளிர்காலம் கிடையாது. நிலவு பார்த்து நடுவதை மட்டும் எங்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை, வளர்பிறையில் விதை போடச் சொல்லி அம்மாவே ஆளை விரட்டுவார்.

கொம்பும் நிலவும் விளைச்சலைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று இல்லை. இதை அண்ணன் மகனிடம் நேராகவே சொன்னேன், முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் அந்த முறை ஒருவனைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைக்கும் மற்ற வேலைகள் இருக்கின்றனவே, அதாவது மாடு வளர்ப்பது, கூட்டெரு போடுவது, ஒரே பயிரை நம்பாமல் இருப்பது, தினமும் காணிக்குள் நடந்து இலையைத் திருப்பிப் பார்ப்பது, அவை பலன் தரும். கொம்புக்காக மாடு வளர்த்தாலும் சாணி சாணிதான்.

இன்னொரு விஷயம். ஸ்டைனர் மது குடிக்காதவர்; மனிதனின் ஆன்மிக வளர்ச்சிக்கு அது கெடுதல் என்று பேசியவர். உலகத்தில் விலை கூடிய வைன் தோட்டங்களில் சில அவர் முறையில் நடக்கின்றன. அம்மாவிடம் சொன்னபோது, "அந்தாளு நல்லவருதான் போல" என்றார்.

அவன் சொன்ன கதைகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கொம்பும் இல்லை, வைனும் இல்லை. அந்தக் குடும்பத்துத் தாத்தா காலத்தில் அவர்கள் வைன் செய்யவே இல்லையாம். பழத்தைப் பறித்து, கூட்டுறவுச் சங்கத்தின் வண்டியில் நிறுத்துப் போட்டுவிட்டு, சங்கம் கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மகன் தலையெடுத்த பிறகுதான் "இனிப் பழம் கொடுப்பதில்லை" என்று சொல்லி, சொந்தக் கொட்டகையில் பிழிந்து, தங்கள் பெயரை ஒட்டிப் போத்தலில் அடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் தராசுக்காரனுக்காகக் காத்திருந்தவர்கள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

திராட்சை

முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு ஆசைதான். நியாயம் அப்படிச் சொல்ல விடவில்லை.

குளிர்நாட்டுத் திராட்சை குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி வசந்தத்தில் விழிக்கும் கொடி. வெப்ப நாட்டில் தூங்காது, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும்; கவ்வாத்து வெட்டினால்தான் புதுத் தளிரும் பூவும் வரும். அது ஒரு தடையல்ல. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படித்தான் வருடம் முழுக்கப் பன்னீர்த் திராட்சை அறுக்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிராவின் நாசிக்கில் மழை விட்ட மாதங்களுக்குள் பழம் முற்றுமாறு கவ்வாத்தைக் கணக்குப்போட்டு, பெரிய வைன் தொழிலே நடக்கிறது. நம் யாழ்ப்பாணத்திலும் திராட்சைப் பந்தல் புதிதில்லை. இந்த மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டு: காய்ந்த காற்று, நீண்ட வெயில்.

ஊவாவில் அப்படி ஒரு காலம் எங்களுக்கும் இருக்கிறது, ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மேற்குப் பக்கம் தென்மேல் மழையில் நனையும்போது, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வருவது வறண்ட கச்சான் காற்று. ஏப்ரல் கடைசியில் வெட்டினால் நாலு மாதத்தில், அந்த வறட்சிக்குள்ளேயே, பழம் எடுக்கலாம் என்று கணக்குப் போட முடியும். அண்ணன் மகன் போட்டும் காட்டினான். நல்ல கணக்கு. ஆனால் கொடி ஒன்பது மாதம் மழையிலும் மூடுபனியிலும் நிற்க வேண்டுமே. ஒக்டோபரிலிருந்து இங்கே துணி காய்வதில்லை. இலை நனைந்தே இருந்தால் அடிச்சாம்பல் நோய் வந்து பிடிக்கும். அதற்கு 1880களில் பிரான்சில் கண்டுபிடித்த மருந்து போர்டோக் கலவை, துருசும் (செப்புச் சல்பேட்டு) சுண்ணாம்பும்.

இயற்கை முறைக்காரர்கள் இன்றைக்கும் செப்பு மருந்து அடிக்கத்தான் செய்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து ரசிப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்துக்கு ஹெக்டயருக்கு 28 கிலோ வரை செப்பை அனுமதிக்கிறது. டிமீட்டர் வருடத்துக்குச் சராசரி 3 கிலோ என்கிறது. காய்ந்த பிரதேசத்தில் அந்த எல்லைக்குள் நிற்கலாம். எங்கள் மலையில் நின்றால் கொடி நிற்காது, கொடி நின்றால் எல்லை நிற்காது. நோயைத் தாங்கும் கலப்பினங்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து நடுவதற்குக் கொடித்தடி கொண்டுவர நாற்றுத் தனிமைப்படுத்தல் அனுமதி எடுக்க வேண்டும். பந்தலுக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்டால் மழையைத் தடுக்கலாம். கூரை போட்டு, செப்பு அடித்து, வெளிநாட்டுத் தடி வளர்த்துவிட்டு அதற்கு 'மண்ணின் வைன்' என்று பெயர் வைக்க என் நாக்கு கூசுகிறது.

எண்ணாகவும் பார்த்துவிடுவோம். ஒரு போத்தலுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ பழம் வேண்டும். அரை ஏக்கரில் நல்லபடியாக 2,000 கிலோ எடுத்தாலும் 1,600 போத்தல்தான். முதல் பழத்துக்கு மூன்று வருடம், முதல் போத்தலுக்கு நாலு. அந்த நாலு வருடமும் அந்த அரை ஏக்கரிலிருந்து கொழுந்துக் காசு வராது. ஒரு நன்மையை மறைக்கக் கூடாது: 1,400 மீட்டருக்கு மேலே இரவுகள் குளிர்ச்சி. நொதிக்க வைக்கவும் வைத்திருக்கவும் கொழும்பில் குளிரூட்டி வேண்டும், எங்களுக்குக் கருங்கல் சுவர் போதும். ஆனால் விற்க வேண்டியது கொழும்பில். சல்பைட் இல்லாத வைன் வெப்பத்தில் திரும்பப் பொங்கக்கூடும்.

ஊர்ப் பழத்தில் வைன்

இதற்கு நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஒரு கணக்கே முடித்துவிடுகிறது. லீட்டருக்கு 17 கிராம் சீனி நொதித்தால் 1 வீத மதுசாரம் வரும். எங்கள் பியர்ஸில் சீனி நூற்றுக்குப் பத்துப் பக்கம். அப்படியே விட்டால் 5 அல்லது 6 வீதத்தோடு நிற்கும். ஸ்ட்ரோபெரியில் அதுவும் வராது. வைன் என்று சொல்லும்படி 12 வீதம் வேண்டுமென்றால் 100 லீட்டர் பியர்ஸ் சாற்றுக்கு 10 கிலோ சீனி கொட்ட வேண்டும். சீனி மூட்டையை அவிழ்த்த பிறகு எதை நேச்சுரல் என்பது? 5 வீதத்திலேயே நிறுத்தி நுரைக்கும் பானமாகச் செய்தால் அது நேர்மையான பொருள். பழமும் மரமும் ஏற்கெனவே இருக்கின்றன. கைத்தொழிலாகப் பார்த்தால் திராட்சையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடுத்து வரும் சிக்கல் இதற்கும் உண்டு.

சட்டமும் அம்மாவும்

இந்த நாட்டில் மதுசாரம் தயாரிப்பது 1912ஆம் ஆண்டு 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வருகிறது. உரிமம் இல்லாமல் ஒரு போத்தல் செய்து விற்றாலும், கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனும் நீங்களும் ஒரே ஜீப்பில்தான் ஏற வேண்டும். உரிமம் என்பது பெரிய கம்பனிகளை மனதில் வைத்துக் கட்டிய கதவு. வீட்டுக் கொட்டகையில் 1,600 போத்தல் செய்கிறவனுக்கு அது உயரமான கதவு. அதைத் தாண்டினாலும் மதுவரி, பிறகு பெறுமதி சேர் வரி. போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளில் விற்க முடியாது. 21 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்க முடியாது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது, 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம். புகையிலை, மதுசாரம் இரண்டுக்கும் விளம்பரமே செய்யக் கூடாது. அந்த பிரான்ஸ் குடும்பம் உயிர் வாழ்வதே கதை சொல்லித்தான்: குதிரை உழும் படம், தாத்தாவின் கதை, போத்தலில் பிள்ளை வரைந்த சித்திரம். பெயர் தெரியாத சின்ன உற்பத்தியாளனுக்கு அந்தக் கதை மட்டுமே மூலதனம். இங்கே அதைச் சொல்ல வாயைத் திறந்தால் குற்றம். பெரிய கம்பனிக்கு ஏற்கெனவே கடை இருக்கிறது, பெயர் இருக்கிறது. இந்தச் சட்டம் அதைக் கடிப்பதில்லை. சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. தோட்டப்புறத்தில் பிறந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

அம்மா மாநாட்டில் ஒரு தடவைதான் பேசினார். "சம்பளத்தன்னிக்கி எங்கப்பன் தவறணைக்குப் போயிட்டு வெறுங்கையோட வந்ததப் பாத்து வளந்தவ நான். எம்புருசன் வாங்குன மண்ணுல சாராயம் வடிக்கிறதப் பாக்கவா இன்னும் உசுரோட இருக்கேன்?" வைன் வேறு, சாராயம் வேறு என்று அண்ணன் மகன் விளக்கப் பார்த்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த வேறுபாடு நூலில் சரி. தேயிலைத் தோட்டங்களில் குடி என்ன செய்தது என்பதற்கு அம்மாவின் கணக்கு எந்த நூலைவிடவும் பழையது.

கொழுந்தைக் கையில் எடுப்பது

இப்போது லொறிக் கதை. கொழுந்தைச் சாக்கில் கட்டி வீதியோரம் வைக்கிறோம். லொறி வருகிறது, நிறுக்கிறார்கள், ஈரத்துக்குக் கழிக்கிறார்கள், கொண்டுபோகிறார்கள். ஸ்டோர் டீயாக்கி ஏலத்தில் விற்ற சராசரி விலையில் 68 வீதம் கொழுந்துக்காரனுக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு. இதுதான் நாட்டில் இருக்கும் வாய்ப்பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கொழுந்து பக்கத்துக் காணிக்காரனின் முற்றிய இலையோடு ஒரே தொட்டியில் வாடுகிறது. நான் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளினாலும், அவன் நாலு இலையும் காம்புமாக ஒடித்தாலும் மாதக் கடைசியில் ஏறத்தாழ ஒரே விலை. நன்றாகச் செய்வதற்குக் கூலி இல்லை. கூட்டுறவு வண்டிக்குப் பழம் நிறுத்துக் கொடுத்த அந்தத் தாத்தாவும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ டீ. கடந்த காலத்தில் எங்களுக்குக் கிலோவுக்கு 200 ரூபாயைச் சுற்றிக் கிடைத்திருக்கிறது. ஆக 1,000 ரூபாய்க் கொழுந்து ஒரு கிலோ டீயாகிறது. கையால் செய்யும் டீயை அந்த 1,000க்கு மேலே எவ்வளவுக்கு விற்க முடியும் என்பதுதான் முழுக் கேள்வியும். ஊவாவின் கச்சான் காலத்து டீக்கு உலகத்திலேயே தனிப் பெயர் உண்டு. காய்ந்த காற்றில் செடி தவிக்கும்போது கொழுந்துக்குள் ஒருவகைக் குளிர்ந்த, சித்தாலேப்பத் தைல வாசம் ஏறும். மண், காற்று, உயரம் மூன்றும் சேர்ந்து ருசியில் தெரிவதைத்தான் வைன்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். எங்களிடம் அது 130 வருடமாக இருக்கிறது. மற்றவர்களின் இலையோடு கலந்து லொறியில் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே செய்து பார்த்தோம். பத்துக் கிலோ கொழுந்தைத் துணித்தட்டில் பரப்பி இரவு முழுக்க வாட்டி, காலையில் கையால் உருட்டி, ஈரத்துணி மூடிப் பழுக்க வைத்து, அடுப்பில் காயவைத்தோம். முதல் தடவை விறகுப் புகை ஏறிவிட்டது. இரண்டாம் தடவை மழை நாள். கொழுந்து வாடவே இல்லை, உருட்டும்போது நசிந்து பச்சை வாசம். அண்ணன் மகன் சோர்ந்துபோனான். லுவாரில் முதல் வருடம் எத்தனை பீப்பாய் வினாகிரியாகப் போனது என்று கேட்டேன், கொஞ்சம் தெளிந்தான். மூன்றாவது, ஓகஸ்ட் கடைசியில் செய்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் பற்றி நான் பெருமை பேசினால் வீட்டுக்காரன் பேச்சாகிவிடும். அப்படி ஒரு டீயை ஸ்டோரில் என் கையால் செய்யச் சந்தர்ப்பமே கிடைத்ததில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நிலத்தை மாற்றுவதில்தான் உண்மையான கஷ்டம். 2021 மேயில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியது, நவம்பரில் திருப்பிக்கொண்டது. அந்த ஆறேழு மாதத்தில் எங்கள் தூர்கள் மஞ்சள் பூத்ததை நான் பார்த்தேன். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. எரிபொருள் வரிசையும் அதில் பங்கு வகித்தது. அதனால் இன்று மலைநாட்டில் "சேதனப் பசளை", அதாவது இயற்கை உரம், என்றால் சனம் முகத்தைத் திருப்புகிறது. ஹப்புத்தளைக்கு அப்பால் இதல்கஸ்ஹின்னவில் 1980களின் பிற்பகுதியிலிருந்து இயற்கை முறையில் தேயிலை எடுக்கிறார்கள் என்பதும் அதே சனத்துக்குத் தெரியும். அரசாங்க வர்த்தமானி அறிவிப்பால் மண் மாறாது, வருடங்களால் மாறும்.

கணக்கு இது. டீ இலையில் நைதரசன் உலர் நிறையில் 4 வீதம் அளவில் இருக்கிறது. வருடத்துக்கு 3,500 கிலோ கொழுந்து, அதாவது 700 கிலோ டீ எடுத்தால், நிலத்திலிருந்து 28 கிலோ நைதரசன் வெளியே போகிறது. பச்சைச் சாணியில் நைதரசன் அரை வீதம். ஒரு நாட்டு மாடு நாளுக்கு 12 கிலோ சாணி போட்டால் வருடத்துக்கு 4,400 கிலோ, நைதரசன் 22 கிலோ. எருக்குழியில் பாதி காற்றோடும் மழையோடும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் 11. எங்களிடம் இருப்பது ஒரு மாடு. இரண்டு மாடும், வரிசைக்கு நடுவே முள்முருங்கை நிழல்மரமும் வெட்டிப் போட இருந்தால்தான் கணக்கு கிட்டே வரும். அதற்கும் தூர் உடனே பழகாது, முதல் இரண்டு மூன்று வருடம் கொழுந்து குறையும். மழைக்காலத்தில் 1946இலிருந்து இந்த நாட்டில் இருக்கும் கொப்புள நோய் வரும். திராட்சைக்குச் சொன்னது இங்கேயும் உண்டு. ஒரு வித்தியாசம், தேயிலை அந்த நோயோடு வாழ்ந்து பழகிய பயிர். வறட்சி வந்ததும் தானாக எழும்பும்.

சான்றிதழ்? பல்லாண்டுப் பயிருக்கு மாற்றக் காலமே மூன்று வருடம். எங்கள் கீழ் எல்லையில் உருளைக்கிழங்குக்காரர் வாரத்துக்கு ஒருமுறை மருந்து அடிக்கிறார், நல்ல மனிதர், காற்று மட்டும் எங்கள் பக்கம் வீசுகிறது. எல்லை ஓரம் நாலு வரிசையை விட்டுக்கொடுத்து வேலி மரம் வைக்க வேண்டும். தனி ஆளாகச் சான்றிதழ் எடுப்பது ஒன்றேகால் ஏக்கருக்குக் கட்டாது. கூட்டாக எடுக்கும் சங்கம் அமைந்தால் பார்க்கலாம். அதுவரை முத்திரை இல்லாமல், ஆள் வந்து காணியைப் பார்த்து வாங்கும் வியாபாரம்தான். எல்லவுக்குப் போகும் ரயில் எங்கள் தலைக்கு மேலேதான் ஓடுகிறது. டீக்கு விளம்பரத் தடை இல்லை. போயா நாளில் மூட வேண்டாம். அம்மா குடிப்பார். அலுவலக வேலை இதற்கும் உண்டு: தேயிலைச் சபையில் பதியாமல் டீ செய்து விற்க முடியாது. ஆனால் அது நான் ஏறி இறங்கிய படி. யாரிடம் என்ன கடதாசி கேட்க வேண்டும் என்று தெரியும்.

லொறியை மட்டும் நம்பி இருக்கும் நாலாவது வழியைக் கேலி செய்யக் கூடாது. மாதா மாதம் காசு வருகிறது, பிள்ளைகளின் டியூஷன் அதில்தான் நடக்கிறது. கொழுந்து கிள்ள ஆள் கிடைக்காமல் போகும் நாள் வரை அது ஓடும். எங்கள் பக்கத்தில் அந்த நாள் தூரத்தில் இல்லை. கிள்ளும் பெண்கள் காமெண்டுக்கும் (ஆடைத் தொழிற்சாலை) கொழும்புக்கும் போகிறார்கள், போக வேண்டியவர்கள்தான்.

முடிவு செய்தது

அரை ஏக்கரை மட்டும் இந்த வருடம் உரத்திலிருந்து எடுக்கிறோம், மேல் எல்லையில், கிழங்குத் தோட்டத்துக்குத் தள்ளி. மீதி முக்கால் ஏக்கர் லொறிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கச்சான் மாதங்களில் மட்டும் கையால் டீ. மற்ற ஒன்பது மாதம் அந்த அரை ஏக்கர்க் கொழுந்தும் லொறிக்கே. முழுதாக மாறாதது கோழைத்தனம் என்று அண்ணன் மகனுக்குத் தோன்றுகிறது. அவன் வயதில் எனக்கும் தோன்றியிருக்கும்.

நிலம் யாழ்ப்பாணத்திலோ வேறு வறண்ட பக்கத்திலோ இருந்து, நாலு வருடம் வருமானம் இல்லாமல் தாங்கக் கையில் காசும், உரிமம் எடுத்துப் பழகிய கூட்டாளியும் இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அங்கே கொடி நியாயம். மழை மலையில் இல்லை.

பியர்ஸ் பானத்தை அவன் விடவில்லை. அதை முழுக்கப் புளிக்க விட்டு வினாகிரியாக்கினால் என்ன என்கிறான். புத்தியுள்ள யோசனை, ஆனால் வினாகிரியாவதற்கு முன் சாறு மதுசாரமாகத்தான் ஆக வேண்டும். ஆகவே முதலில் மதுவரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கடிதம் போயிருக்கிறது.

கொம்பு விஷயத்தில் நான் தலையிடவில்லை. பழைய மாடு செத்தபோது அப்பா எடுத்து வைத்த கொம்பு கொட்டில் கூரையில் செருகியிருந்தது. அதை எடுத்துச் சாணி அடைத்து, ஒக்டோபரில் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தான். பெப்ரவரியில் எடுப்பானாம். அம்மா அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்திருக்கிறார், நாய் தோண்டாமல் இருக்க.

இரண்டாவது மாட்டுக்கு வெலிமடையில் விலை பேசியிருக்கிறோம். சினை மாடு என்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லொறி வராது, அன்றைக்குப் போகிறோம்.